திங்கட்கிழமை நெருங்கி வந்த கேலக்ஸி

அத்தியாயம் 5

நோட்டன் பிரிட்ஜைத் தாண்டி மூக்குத்திமலைத் தோட்டத்துப் பாதையில் ஏறும்போது ஃபாஸிலின் முச்சக்கர வண்டி மூன்று தடவை நின்றது. மூன்று தடவையும் அவன் இறங்கி, ஒன்றும் செய்யாமல் அதைக் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றான். அதற்கே அது கிளம்பிவிட்டது.

"பிரபஞ்சம் விரியிற வேகத்துல யாரோ கை வச்சுட்டாங்கன்னு போன்ல சொன்னாங்க. வேற விவரம் இல்ல," என்றாள் பின் இருக்கையில் இருந்த பூரணி.

"அக்கா, நம்ம நிலையம் இதுவரைக்கும் ஆகக் கூடப் போனது வலப்பனை. இது கொஞ்சம் தூரமா இருக்கே."

ஹட்டனில் புடவைக்கடை மாடியில் 'பூரணி துப்பறியும் நிலையம்' நடத்துகிறவள் பூரணி. அதற்கு முன் இருபது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். சிங்களத்தில் சொன்ன பொய்யைத் தமிழிலும், தமிழில் சொன்ன பொய்யைச் சிங்களத்திலும் சேதாரமில்லாமல் எடுத்துக் கொடுத்த அனுபவம் அவளுக்கு உண்டு. நிலையத்துக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பாரா, குடித்தால் பாடுவாரா, பாடினால் எந்தப் பாட்டு என்பது வரைக்கும் விசாரித்துச் சொல்வாள்.

ஃபாஸில் அவளுடைய உதவியாளன். வாப்பாவின் இரும்புக்கடையில் ஆணி வாங்க வந்தவர்களிடம் வாயாடி, அவர்களைப் பக்கத்துக் கடைக்கு ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்தான். வாப்பாவே ஒருநாள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பூரணியிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

வானாய்வு நிலையம் என்று பேர் பெரிதாக இருந்ததே தவிர, அது பழைய துரை பங்களாவின் கார் கொட்டகை. தகரக் கூரையைத் தள்ளினால் வானம் தெரியும், உள்ளே ஒரு தொலைநோக்கி. அதன் பொறுப்பாளர், போனில் கூப்பிட்ட பேராசிரியை ஜெயந்தினி வாசலிலேயே நின்றார். உள்ளே நீள மர வாங்கில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து, முகம் கழுவி, மறுபடி அழுவதா வேண்டாமா என்று தீர்மானிக்காத நிலையில் இருந்தாள். இதே தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்து, பல்கலைக்கழகம் போய், ஆய்வு உதவியாளராகத் திரும்பி வந்த சுலக்ஷனா.

ஜெயந்தினி சுற்றி வளைக்கவில்லை.

"சிலியில இருக்கிற ஒரு பெரிய நிலையத்துல பி.எச்.டி. செய்ய ஒரே ஒரு இடம் கிடைச்சிருக்கு. சுலக்ஷனாவும் வினோஜனும் போட்டி. தை மாசத்துல இருந்து ஒரு வாரம் இவ, மறு வாரம் அவர்னு மாறி மாறி விடியக்காலையில ஒரே கேலக்ஸிகளை அளந்தாங்க. ஒருத்தர் கணக்கை மத்தவர் பாக்க நான் விடல. இன்னைக்கு நாலு மணிக்குத் தெரிவுக்குழு வீடியோவில வருது. இவ கணக்கு ஜோடனைன்னு நான் சொல்ல வேண்டி வந்தா, சிலி மட்டுமில்ல, எந்த நாட்டிலயும் இவளை இந்தத் துறைக்குள்ள விட மாட்டாங்க."

"கணக்குன்னா என்ன கணக்கு, மிஸ்? நாங்க ரெண்டு பேரும் ஓ.எல். பரீட்சையோட விஞ்ஞானத்துக்கு சலாம் போட்டவங்க," என்றான் ஃபாஸில்.

பதில் வாங்கிலிருந்து வந்தது. அழுவதைவிட விளக்குவது சுலக்ஷனாவுக்குச் சுலபமாக இருந்தது போலும்.

"லயத்துல எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி பல்பு குடுத்தாங்கன்னு வைங்க அண்ணே. எதிர் மலையில நின்னு பாத்தா, மங்கலாத் தெரியிற பல்பு தூரத்து லயம். அவ்வளவுதான். ஒரு வகை நட்சத்திரம் இருக்கு, எங்க வெடிச்சாலும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம். அது எவ்வளவு மங்கலாத் தெரியுதுன்னு அளந்தா, அது இருக்கிற கேலக்ஸி எவ்வளவு தூரம்னு சொல்லிடலாம். அந்த கேலக்ஸி நம்மள விட்டு ஓடுற வேகம் வேற வழியில தெரியும். வேகத்தைத் தூரத்தால வகுத்தா, பிரபஞ்சம் எவ்வளவு வேகமா விரியுதுன்னு ஒரு எண் வரும்."

"அந்த எண் என்ன?"

"அதுலதான் சண்டை," என்றார் ஜெயந்தினி. "உலகத்துல ஒரு கட்சி அறுபத்தேழுங்குது. இன்னொரு கட்சி எழுபத்துமூணுங்குது. வருஷக்கணக்கா இழுபறி."

"ரெண்டு யூனியன் மாதிரி."

"கிட்டத்தட்ட."

"வினோஜனுக்கு எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டாள் பூரணி.

"எழுபது."

"ரெண்டு யூனியனையும் பகைச்சுக்கல. பெரிய மனுசன்தான்," என்றான் ஃபாஸில்.

ஜெயந்தினி மடிக்கணினியைத் திருப்பினார். வினோஜனின் புள்ளிகள் ஒரே கோட்டில் ஒழுங்காக நின்றன. சுலக்ஷனாவின் புள்ளிகள் கொட்டிப்போன கடலைப்பருப்பு மாதிரிக் கிடந்தன.

"ஒரே கேலக்ஸி. ஒரு நாள் பத்துக்கோடி ஒளியாண்டு தூரத்துல இருக்கு. மறுநாள் பன்னிரண்டு கோடிக்குப் போயிடுது. அப்புறம் திரும்பி வருது. கேலக்ஸி அப்படி உலாத்தாது. ஒண்ணு இவ தூங்கிட்டு எண்களை எழுதியிருக்கணும், இல்லாட்டி யாரோ தொலைநோக்கியில கை வச்சிருக்கணும்."

"நான் தூங்கல மிஸ்," என்றாள் சுலக்ஷனா. அதை அன்று எத்தனையாவது தடவை சொல்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

பூரணி திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். "இதுல எந்தப் புள்ளி எந்தக் கிழமைன்னு தெரியுமா?"

"கிழமையா?" ஜெயந்தினி விழித்தார். "நாங்க கிழமை பாக்கிறதில்ல. வானியல்ல நாளுக்கு ஒரு தொடர் எண்தான். கிழமையே கிடையாது."

"கோர்ட்டுல எல்லாமே கிழமைதான். கொஞ்சம் போட்டுக் காட்டுங்க."

சுலக்ஷனா எழுந்து வந்து ஏதோ தட்டினாள். புள்ளிகளுக்கு நிறம் ஏறியது. கிட்டத்தில் இருந்த புள்ளிகள் எல்லாம் ஒரே பச்சை.

"பச்சை எந்த நாள்?"

"திங்கள்," என்றாள் சுலக்ஷனா, தன் கண்ணையே நம்பாமல்.

"அப்ப பிரபஞ்சம் திங்கக்கிழமை மட்டும்தான் ஒழுங்கா வேலை செய்யுது. காலையில பேர் குடுக்கிற பெரட்டுக்கு நேரத்தோட வந்துருது. மத்த நாள்ல ஏமாத்துது," என்றான் ஃபாஸில்.

பூரணி சிரிக்கவில்லை. வெளியே போய் நின்றாள். "அந்த கேலக்ஸிகள் விடியக்காலையில எந்தப் பக்கம் இருக்கும், புள்ள?"

"கிழக்க, அக்கா. அந்தப் பள்ளத்துக்கு நேர் மேல. ஒப்பிட்டுப் பாக்கிற நட்சத்திரம் நம்ம உச்சந்தலைக்கு மேல."

பள்ளத்தில் தேயிலைத் தொழிற்சாலை வெள்ளையாக நின்றது. அதன் புகைபோக்கியின் வாய் நேராகக் கிழக்கு வானத்தை மறித்தது. அன்று திங்கட்கிழமை. புகைபோக்கி சும்மா இருந்தது.

"வண்டியை எடு," என்றாள் பூரணி.

தொழிற்சாலைக்குப் போவதில் ஃபாஸிலுக்கு ஒரே ஒரு நோக்கம்தான் இருந்தது, புதுத் தேயிலையில் ஒரு பிளேன்டீ. உள்ளே போனால் ஒரு சத்தமும் இல்லை. உருளைகள் நின்றிருந்தன, தரை கழுவிக் காய்ந்திருந்தது. தொழிற்சாலைப் பொறுப்பிலிருந்த டீமேக்கர் அழகுமுத்து மேசையில் காலைத் தூக்கிப் போட்டிருந்தவர், பெண்பிள்ளையைக் கண்டதும் காலை இறக்கினார்.

"மிஷின் பழுதா?" என்று கேட்டான் ஃபாஸில்.

"பழுதெல்லாம் இல்ல. இப்பத்தான மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்காங்க."

பூரணி அடுப்புப் பக்கம் போனாள். "விடியக்காலையில எத்தனை மணிக்கு மூட்டுவீங்க?"

"ரெண்டு மூணு மணிக்கு மூட்டினா விடிஞ்சும் எரியும். இந்த வருசம் ரப்பர் வெறகு ஒரே ஈரம். புகை தாங்க முடியல. பங்களாப் பக்கம்தான் போகுது."

அவள் அடுப்புக் கதவைத் தொட்டுப் பார்த்தாள். ஃபாஸிலும் தொட்டான். சில்லென்று இருந்தது. ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்பு காலை பத்து மணிக்கு இப்படிக் கிடந்தால் அந்தத் தோட்டம் தேறாது என்று அவன் தன் பங்குக்குத் தீர்மானித்தான். பிறகு இரண்டாவது கோப்பைக்கு ஆள் தேடிப் போனான். திரும்பி வந்தபோது பூரணியும் அழகுமுத்துவும் பேசி முடித்திருந்தார்கள்.

வண்டியில் ஏறியதும் பூரணி சொன்னாள்: "புகைதான். லயத்துப் பல்புக்கு முன்னால புகை நின்னா பல்பு மங்கும். மங்கினா தூரம்னு கணக்கு சொல்லும். உச்சியில இருக்கிற நட்சத்திரத்துக்குப் புகை இல்ல, அதனால யாருக்கும் தெரியல."

"அப்ப சுலக்ஷனா பொய் சொல்லல!"

"அவ சொல்லல."

அந்த 'அவ'வில் ஒரு அழுத்தம் இருந்தது. ஃபாஸில் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். அதற்குள் பாதையோரப் பள்ளத்தில் இறங்கப் பார்த்த வண்டியை அவள் சத்தம் போட்டு நிறுத்தினாள்.

"ஒரே அடுப்பு, ஒரே புகைபோக்கி, ஒரே தொலைநோக்கி. வினோஜன் வாரத்துல மட்டும் புகை எங்க போச்சு?"

வினோஜன் தோட்டத்தின் பழைய கிளாக்கர் குவாட்டஸில் தங்கியிருந்தான். நுவரெலியா டவுனில் வளர்ந்தவன். தேயிலைக்கு நடுவில் பிறந்து, தேயிலையைக் கடையில் வாங்குகிற ரகம். சட்டைக்கு இஸ்திரி போட்டு, நாலு மணி வீடியோவுக்கு இப்போதே தயாராக இருந்தான். மரியாதையாக உட்காரச் சொல்லி, பால் டீ கொடுத்தான். ஃபாஸிலுக்கு அவனைப் பிடித்துப்போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

"உங்க புள்ளியெல்லாம் பாத்தேன் தம்பி. ரொம்ப அழகு," என்றாள் பூரணி. "ஆனா ஒரு சின்னச் சிக்கல். ஃபெக்டரி புகை வெளிச்சத்தை மறைக்குது. அடுப்பு எரிஞ்ச விடியக்காலையில கேலக்ஸி மங்கலாத் தெரியுது. எரியாத விடியக்காலையில நல்லாத் தெரியுது. சுலக்ஷனாட கணக்கு அப்படித்தான் போகுது. உங்க கணக்குல அந்தப் புகையைக் காணோமே?"

வினோஜன் கோப்பையைத் தட்டில் வைத்தான். மறுபடி எடுத்தான். குடிக்காமல் மறுபடி வைத்தான்.

"நான்... புகையைத் திருத்தித்தான் மிஸ்கிட்ட குடுத்தேன். திருத்தாத எண்கள் என்கிட்ட தனியா இருக்கு."

"படங்கள்?"

"படங்களை அழிச்சிட்டேன். நாங்க ரெண்டு பேருமே அழிச்சிடுவோம், லேப்டாப்புல இடம் பத்தாது. எண்கள்தான் மிஞ்சும்."

"நல்லது. அந்தத் திருத்தாததை மூணு மணிக்குக் கொண்டு வாங்க."

வெளியே வந்ததும் ஃபாஸில் வெடித்தான். "அக்கா, பரீட்சைக்கு முந்தி வினாத்தாள் குடுக்கிறவங்களைக் கேள்விப்பட்டிருக்கேன். நீங்க விடைத்தாளையே வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்திட்டீங்க!"

"முழுசாக் குடுக்கல," என்றாள் பூரணி. வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

புகையைப் பற்றியும் வினோஜன் சொன்னதைப் பற்றியும் பூரணி திரும்பியதுமே ஜெயந்தினியிடம் சொல்லிவிட்டாள். மூன்று மணிக்கு வினோஜன் வந்தான். அவன் கொண்டுவந்த எண்களை ஜெயந்தினி திரையில் போட்டார். புள்ளிகள் இப்போது வினோஜனுக்கும் சிதறிக் கிடந்தன. சில கிட்டத்தில், பல தூரத்தில். அச்சு அசல் புகை.

ஜெயந்தினி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப ரெண்டு பேரும் நேர்மையாத்தான் அளந்திருக்கீங்க. எனக்குப் பெரிய நிம்மதி. ஆனா, சுலக்ஷனா..." கொஞ்சம் தயங்கினார். "புகையைக் கண்டுபிடிச்சுத் திருத்தினது வினோஜன். நீ கவனிக்கவே இல்ல. இடம் ஒண்ணுதான். நான் அவரைத்தான் சொல்லணும்."

சுலக்ஷனா தலையை ஆட்டினாள். வாதாடவில்லை. அது ஃபாஸிலுக்கு அவள் அழுததைவிட மோசமாக இருந்தது. பூரணி அக்காவின் மேல் அவனுக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கோபம் வந்தது.

"இதுக்கும் கிழமை போட்டுக் காட்டுங்க," என்றாள் பூரணி.

நிறம் ஏறியது. கிட்டத்துப் புள்ளிகள் எல்லாம் ஒரே சிவப்பு.

"ஞாயிறு," என்றான் வினோஜன், யாரும் கேட்பதற்கு முன். "ஞாயிறு தோட்டத்துக்கு லீவு. அடுப்பு எரியாது. அதனால ஞாயிறு விடியக்காலையில சரியா வருது."

"திங்கள்?"

"திங்கள் வேலை நாள்தானே. மறுபடி புகை."

பூரணி சுலக்ஷனாவின் பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை விடியக்காலையில ஃபெக்டரியில என்ன நடக்கும், புள்ள?"

சுலக்ஷனா நிமிர்ந்தாள். கேள்வி விளங்கவே அவளுக்கு ஒரு கணம் ஆயிற்று. அதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"சனிக்கிழமை கொழுந்து, அக்கா. சனி பூரா எடுத்ததை ராத்திரி வாட்டி, ஞாயிறு விடிய அரைச்சுக் காய வைப்பாங்க. அடுப்பு நல்லா எரியும். ஞாயிறுதான் யாரும் மலைக்குப் போறதில்ல. அதனால திங்கள் விடிய..." நிறுத்தினாள். "திங்கள் விடியத்தான் காய வைக்க ஒண்ணும் இருக்காது."

ஃபாஸிலின் விரல் நுனிக்கு அந்தச் சில்லிட்ட அடுப்புக் கதவு இப்போதுதான் உறைத்தது. தோட்டம் ஒன்றும் நொடித்துப் போகவில்லை.

"பிரபஞ்சம் எவ்வளவு வேகமா விரியுதுன்னு எனக்குத் தெரியாது தம்பி," என்றாள் பூரணி. "ஆனா கொழுந்து ஒரு ராத்திரி வாடணும். லீவோட அமைதி ஃபெக்டரிக்கு மறுநாள் விடியத்தான் வரும். நீங்க எரியாத அடுப்போட புகையைத் திங்கக்கிழமை அளந்திருக்கீங்க. எரிஞ்ச அடுப்போட புகையை ஞாயிறு காணவே இல்ல. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை இங்க வந்து நின்னிருந்தாலே வாசம் மூக்கைத் துளைச்சிருக்கும்."

வினோஜன் திரையைப் பார்த்தான். எதையாவது சொல்லித் தப்பலாமா என்று அவன் யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு இஸ்திரி போட்ட சட்டையோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"முதல் வாரம் ரெண்டு நாள் வந்தேன் மிஸ். மூணாவது நாள் பாதையில புலி நின்னுச்சு. டார்ச் அடிச்சேன், ரெண்டு கண்ணு. எப்படி குவாட்டஸுக்குத் திரும்பினேன்னே தெரியாது. அதுக்கப்புறம் இருட்டுல கதவைத் திறக்கவே முடியல. வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சு. எழுபதுன்னு வர்ற மாதிரி எண்களை நானே எழுதினேன். இன்னைக்குக் கொண்டு வந்ததும் அப்படித்தான்."

மலையகத்தில் புலி என்றால் சிறுத்தை. அதைக் கண்டு ஓடியவனை யாரும் பழிக்க மாட்டார்கள், ஃபாஸில் உட்பட. அவனானால் ஹட்டன் வரை ஓடியிருப்பான். ஆனால் ஓடியவன் திரும்பி வந்து, இன்னொருத்தி வாழ்க்கையின் மேல் ஏறி நிற்கப் பார்த்தான். அதைத்தான் ஃபாஸிலால் பொறுக்க முடியவில்லை.

"மூணாம் வளைவுலயா?" என்று கேட்டாள் சுலக்ஷனா.

"ஆமா."

"பாதைக்கு நடுவுல படுத்துக்குமே, அதுவா?"

வினோஜன் தலையைத் தூக்கினான். "நீங்களும் பாத்தீங்களா?"

"பல தடவை. எனக்கும் பயம்தான். அது எழும்பிப் போற வரைக்கும் தள்ளி நின்னுட்டு, அப்புறம் ஏறி வருவேன். அந்த நாள்ல எல்லாம் வர லேட்டாகி, வானம் வெளுத்திரும். அந்த நாள் புள்ளிகளை நான் கணக்குல சேர்க்கல."

ஜெயந்தினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "என்னை மன்னிச்சிடு," என்றார்.

நாலு மணிக்குத் திரையில் மூன்று முகங்கள் தெரிந்தன. நடுவில் நரைத்த தலையோடு ஒரு அம்மாள். ஜெயந்தினி நடந்ததை மறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு சுலக்ஷனாவிடம், "அப்படியானால் உங்கள் எண் என்ன?" என்றார்.

"தெரியாது," என்றாள் சுலக்ஷனா.

ஜெயந்தினி கண்ணை மூடிக்கொண்டார்.

"திங்கட்கிழமைப் புள்ளிகளை மட்டும்தான் நம்பலாம். அவை மிகவும் கொஞ்சம். அறுபத்திரண்டிலிருந்து எண்பத்திரண்டு வரை எதுவாகவும் இருக்கலாம். அதற்கு மேல் சொன்னால் பொய்."

"ரெண்டு யூனியனும் உள்ள வந்திருச்சு. ஆபீஸ் பியூனும் வந்திருப்பான்," என்று ஃபாஸில் பூரணியின் காதில் முணுமுணுத்தான். பூரணி அவன் காலை மிதித்தாள்.

நரைத்த தலை அம்மாள் எதையோ எழுதிக்கொண்டார். "ஒன்று விளங்கவில்லை. திங்கட்கிழமை வானம் சுத்தமாக இருப்பதற்குக் காரணம், ஞாயிற்றுக்கிழமை யாரும் இலை பறிப்பதில்லை. இது உங்களுக்கு எப்படி இவ்வளவு நிச்சயமாகத் தெரியும்?"

"அன்றைக்குத்தான் என் அம்மா வீட்டில் இருப்பார்," என்றாள் சுலக்ஷனா.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ஜெயந்தினி கம்பியை ஆட்டிப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

"ஆகஸ்ட் மாதம் இங்கே வந்து சேர முடியுமா?" என்றார் அந்த அம்மாள்.

சுலக்ஷனா முடியும் என்றாள், நன்றி என்றாள், மறுபடியும் முடியும் என்றாள். இணைப்பை ஜெயந்தினிதான் துண்டித்தார். அதற்குள் வாங்கு காலியாகிவிட்டது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஃபாஸில் கொட்டகை வாசலில் நின்று பார்த்தான். எதிர்ச் சரிவில் நிரையாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்தாள். ஓடி வருகிறவளை அடையாளம் கண்டு, பயந்துபோய்க் கூடையோடு எதிரே ஓடினாள். இருவரும் செடிகளுக்கு மேலே மோதிக்கொண்டது போல்தான் இருந்தது. என்ன சொன்னாள் என்று இங்கே கேட்கவில்லை. அடுத்த நிமிடம் நிரை முழுக்கக் கலைந்து அவர்களைச் சுற்றி நின்றது. தூரத்தில் கங்காணி கையை வீசிக் கத்தினார், பிறகு அவரும் இறங்கிப் போனார்.

அன்று மூக்குத்திமலையில் நிறுவைக்குப் போன கொழுந்து குறைவு.